பழைய டயரைப் பயன்படுத்துமுன் அதில் துளையிடுங்கள்

பணகுடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம், ஒரே தெருவில் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்ததால் நாங்கள் வீடு வீடாகச் சென்று பார்த்தோம். சிமெண்டுத் தொட்டி, முற்றத்தில் கிடக்கும் பழைய ஆட்டுரல், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என வழக்கமான இடங்கள் அனைத்தையும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் சோதித்தும் புழு எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. கடைசியில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோதுதான், தகரக் கூரையின்மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்த நான்கு கார் டயர்களிலும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்ததைக் கண்டோம். "ஆடிக் காத்துல தகரம் பறந்துரும்லா சார், அதுக்குத்தான் வச்சிருக்கு" என்றார் அந்த வீட்டு ஆச்சி. அவர் சொன்னதில் தவறில்லை. கணவாய்க் காற்று வீசும் அந்தப் பகுதியில் கூரைக்குப் பாரம் வேண்டும். கார் டயர் ஒன்று 7 முதல் 10 கிலோ வரை எடை உள்ளது, காசு கொடுக்காமல் கிடைப்பது. ஆனால் ஆடியில் கூரையைக் காத்த அதே டயர், ஐப்பசியில் நோயைச் சேமித்து வைக்கும் தொட்டியாகிவிட்டது.

சுகாதார ஆய்வாளராக இந்தத் திருநெல்வேலி மாவட்டத்தில் நான் பார்த்த வீடுகளில், பழைய டயரை வீணாக எறிபவர்களைவிட எதற்காவது பயன்படுத்த நினைப்பவர்களே அதிகம். அது நல்ல குணம். அந்தப் பயன்பாடு வீட்டாருக்குக் கேடாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நிழலில் தேங்கும் தெளிந்த நீரையே தேடுகிறது. டயரை நிறுத்தினாலும் படுக்க வைத்தாலும் அதன் உட்குழிவில் நீர் தங்கிவிடுகிறது. உள்ளே இருட்டு, காற்றுப் படாததால் நீர் எளிதில் வற்றுவதும் இல்லை, விழுந்த இலைச் சருகு புழுவுக்கு உணவாகிறது. முட்டை கொசுவாவதற்கு நம் வெயிலில் 7 முதல் 10 நாட்கள் போதும். இன்னும் முக்கியமானது, கொசு முட்டையை நீரில் இடாமல் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டவைக்கிறது என்பதுதான். நீர் வற்றிய பிறகும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழை நனைத்ததும் பொரிக்கின்றன. ஆகவே டயரிலுள்ள நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியப் புலிக்கொசு பெருகியிருந்தது கண்டறியப்பட்டபோது, ஆசியாவிலிருந்து கப்பலில் இறக்குமதியான பழைய டயர்கள் வழியாகவே அது வந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முடிவுக்கு வந்தார்கள். கடல் தாண்டியே முட்டைகள் போகுமென்றால், வண்ணார்பேட்டையில் வாங்கிய பழைய டயர் நாங்குநேரிக்கு முட்டைகளைச் சுமந்து செல்வது பெரிய காரியமில்லை. 2012இல், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த கடையநல்லூரில் டெங்கு பரவியதை மறக்காதவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனவே என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தக் குழிவை மூடப் போகிறீர்களா, நிரப்பப் போகிறீர்களா, துளைக்கப் போகிறீர்களா என்பதைத்தான். மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அந்த யோசனை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

மூடுவதில் எனக்குப் பிடித்தது முக்காலி. கார் டயரைக் கழுவி உலர்த்தி, மேலும் கீழும் வட்டமாக அறுத்த பிளைவுட் பலகையைத் திருகாணியால் முடுக்கி, நடுவிலிருந்து தொடங்கித் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஒட்டினால், கூடத்தில் போட்டு உட்காரத் தக்க இருக்கை கிடைக்கும். திசையன்விளைப் பக்கம் பனைநாரில் கட்டில் பின்னத் தெரிந்த கைகளுக்கு இது ஒரு மதிய நேர வேலை. இதை மழை படும் இடத்தில் போடாதீர்கள். பலகை ஊறிப் பெயர்ந்தால் குழிவு மறுபடியும் திறந்துகொள்ளும்.

நிரப்புவதில் பூச்செடித் தொட்டி எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பெரும்பாலோர் டயரை அப்படியே படுக்க வைத்து நடுவில் மட்டும் மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். மேல் விளிம்புக்குக் கீழே மண் போகாத இடத்தில் நீர் தேங்குகிறது. மேல்பக்கச் சுவரை முழுவதும் அறுத்து எடுத்துவிட்டு, ஓரம் வரை மண்ணை இடித்து நிரப்புங்கள். கத்தியைச் சோப்பு நீரில் நனைத்து நனைத்து அறுத்தால் பக்கச் சுவர் எளிதாக வெட்டுப்படும். தரையில் உருளும் பகுதியிலும் ரிம்மில் பொருந்தும் வளையத்திலும் எஃகுக் கம்பி இருப்பதால் அங்கே கத்தியை வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் கறுப்பு ரப்பர் கொதித்து வேரை வாட்டும் என்பதால் வெளிப்புறம் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. இதில் அரளி, இட்லிப்பூ, செம்பருத்தி வையுங்கள். கீரையும் தக்காளியும் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து: டயரில் துத்தநாகச் சேர்மமும் பல எண்ணெய்ச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன, தின்னும் பயிருக்கு மண்சட்டியே இருக்கிறது.

பள்ளிகளில் டயரைப் பாதியளவு மண்ணில் புதைத்து, பிள்ளைகள் ஏறித் தாண்டும் வளைவுகளாக வரிசையாக நிறுத்துகிறார்கள். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் புதைந்த பாதியின் உட்புறம் தரைமட்டத்துக்குச் சற்று மேலே வரை மணல் இட்டு இறுக்கியிருக்க வேண்டும். தேய்ந்த டயரில் கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று, பிள்ளைகளை விடுவதற்கு முன் துணி ஒன்றை எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில் பிள்ளையின் தொடையும் கிழியும். ஊஞ்சலுக்குத் தொங்கவிடும் டயரில், தொங்கும் நிலையில் எது மிகத் தாழ்ந்த இடமோ அங்கேயே விரல் நுழையும் அளவில் மூன்று, நான்கு துளைகள் போட வேண்டும். துளையிட்டதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது முழுவதும் வடிகிறதா என்று பாருங்கள். சருகு அடைத்துக்கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட டயரைத் தொட்டியாக வைத்திருப்பவர்களுக்கு மூடலும் துளையும் பொருந்தாது. அவர்கள் வாரம் ஒருநாள் முழுவதும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தே ஆக வேண்டும். கூரைப் பாரத்துக்கு மணல் மூட்டையே போதும். டயர்தான் வேண்டும் என்பவர்கள் இரு பக்கச் சுவரிலும் சுற்றிலும் துளையிட்டு வைக்கட்டும்.

எதற்கும் பயன்படாத டயரைக் கொசு விரட்டவோ, ஆட்டுக்கால் வாட்டவோ, போகியன்றோ தயவுசெய்து எரிக்காதீர்கள். அந்தக் கரும்புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் முதலியவை இருக்கின்றன. கொசு மறுநாள் திரும்பி வரும், புகை நெஞ்சுக்குள் தங்கும். பழைய டயர் வாங்குபவரிடம் கொடுத்தால் அது அரைபட்டு, ரப்பர் துகளாகத் தார்ச்சாலைக்கோ தரைவிரிப்புக்கோ போகலாம். பயன்பாடு முடிந்த டயர்களின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்களையே பொறுப்பாக்கி 2022இல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது.

பஞ்சர் கடை வைத்திருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. அடுக்கிய டயர்களுக்கு மேல் தார்ப்பாய் விரித்தால், அதை நடுவில் உயர்த்தி நாற்புறமும் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த தார்ப்பாயின் மடிப்பில் தேங்கும் நீரிலும், டியூபை முக்கிப் பார்க்கும் தொட்டியிலும் நான் புழு எடுத்திருக்கிறேன். தொட்டி நீரைச் சனிக்கிழமை மாலை கடை அடைக்கும்போது கொட்டி, உட்புறத்தைத் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.