டிரம்மின் சுவரில் காத்திருக்கும் கொசு

எங்கள் வீட்டில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் ஒன்று உண்டு. ஒரு நாள் மூடியைத் திறந்ததும் நூல் துண்டு மாதிரி நாலைந்து புழுக்கள் நெளிந்துகொண்டே அடியில் போய் ஒளிந்தன. தண்ணீர் முழுவதையும் கொட்டி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்து, மறுபடி நிரப்பி இறுக்கமாக மூடினேன். சில நாளிலேயே திரும்பவும் புழு!

வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, எல்லாம் டிரம்முக்குள்ளேயே இருந்திருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்பு முட்டைகள். பார்த்தால் அழுக்கு என்றுதான் தோன்றும். காய்ந்துபோனாலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். முதல் மழை பெய்து சில நாளில் கொசு பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் புழு, கூட்டுப்புழு, கொசு என்று எல்லாம் சேர்த்து நம் ஊர்ச் சூட்டுக்கு 7 முதல் 10 நாள்.

ஆக, கொட்டுவது பாதி வேலைதான். தேங்காய் நாரையோ பிரஷையோ வைத்து உட்சுவரை, முக்கியமாக விளிம்பை ஒட்டிய பகுதியை, அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரம் ஒரு முறை என்று சொல்வது அந்த 7 நாள் கணக்கை வைத்துத்தான். நாங்கள் வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதோடு டிரம்மையும் சேர்த்துக்கொண்டோம். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல் குழி, இவையும் அதே கணக்கில்தான் வரும். ஃபிரிட்ஜ் தட்டை வாங்கிய நாளிலிருந்து இழுத்தே பார்க்காத வீடுகள் எத்தனையோ! எங்கள் வீடும் அதில் ஒன்று.

சரி, வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்துவிட்டால்? அவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். பிறகு சாகும்வரை அது யாரைக் கடித்தாலும் ஆபத்துதான். ஏடிஸ் அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். அதனால் அடுத்த கடி அதே வீட்டுக்காரர்களுக்கோ பக்கத்து வீட்டுக்கோ விழவே வாய்ப்பு அதிகம்.

நாமோ சாயங்காலம் ஆனதும் கொசுவர்த்தி ஏற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். ஏடிஸ் முக்கியமாகக் கடிப்பது பகலில்: காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்பும். காய்ச்சல்காரர் படுத்திருக்கும் கட்டிலுக்குக் கொசுவலை வேண்டியது பகல் 11 மணிக்கும்தான், அதுவும் காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்தாறு நாளில் கண்டிப்பாக. எங்கள் பாட்டிக்கு அப்படிக் கட்டியபோது, "பட்டப்பகல்ல எதுக்குடா வலை?" என்று சிரித்தார்.