நின்ற படகிலும் போதை ஆபத்துதான்

"நான் ஓட்டப் போறதில்லையே." படகில் ஏறியதும் மது பாட்டிலைத் திறப்பவர்கள் சொல்லும் சமாதானம் இது. தண்ணீரில் இது எடுபடாது. அமெரிக்காவின் மேரிலாந்து, வடக்கு கரோலைனா மாநிலங்களில் பொழுதுபோக்குப் படகுகளில் இறந்தவர்களைப் பற்றி 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. குடித்தவர் ஓட்டுநரானாலும் பயணியானாலும் ஆபத்து ஏறக்குறைய ஒன்றே என்றது அது. படகு ஓடினாலும் நின்றாலும் அதே கதைதான்.

காரணம் உள்காதில் இருக்கிறது. அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஜெல்லி போன்ற ஒரு சிறு மடல். மடலுக்கும் திரவத்துக்கும் அடர்த்தி ஒன்றே என்பதால், தலை திரும்பும்போது மட்டும்தான் மடல் வளையும். மதுவின் சாராயமோ தண்ணீரைவிட லேசானது. ரத்தத்திலிருந்து அது முதலில் மடலுக்குள் ஊறுகிறது, திரவத்துக்குள் மெதுவாகத்தான் போகிறது. லேசான மடல் திரவத்தில் மிதந்து சாய, அசையாத தலையும் சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகிறது. சில மணி நேரம் கழித்து மடலிலிருந்தே சாராயம் முதலில் வெளியேறும். அப்போது மடல் கனத்து மறுபக்கம் சாய, தலை எதிர்த்திசையில் சுழல்வதாகத் தோன்றும். போதை தெளிந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்திலும் தலை கிறுகிறுப்பது இதனால்தான்.

தரையில் கண்ணும் பாதமும் இந்தப் பொய்யை ஓரளவு திருத்திவிடும். ஆடும் படகில் பாதம் சொல்வதையும் நம்ப முடியாது. படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கிறவரைத் தள்ளிவிட ஒரு சிற்றலை போதும். விழுந்த பிறகும் தொல்லை விடாது. குளிர்ந்த நீர் பட்டதும் உடல் தன்னிச்சையாக மூச்சை இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துவிடுவதால் உடல் சூடும் வேகமாக இறங்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குகளில், படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்களே.

சரி, வேகத்துக்கு வருவோம். 30 நாட் என்பது மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர், நொடிக்கு 15 மீட்டர். பக்கத்தில் மரமோ கம்பமோ ஓடாததால் அந்த வேகம் உறைக்காது. படகுக்கு பிரேக்கும் கிடையாது. ஜெட் ஸ்கியில் இன்னொரு சிக்கல்: பின்னால் பீய்ச்சும் நீர்தான் அதைத் திருப்புகிறது. எதிரே ஏதாவது வந்தால் பயத்தில் கை, வேகத்தைக் கூட்டும் திராட்டிலை விட்டுவிடும். உடனே பீய்ச்சல் தளரும். ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி பெரும்பாலும் நேராகவே போகும். திருப்பி விலக வேண்டுமென்றால் திராட்டிலைப் பிடித்தபடியே திருப்ப வேண்டும். இப்படி அனிச்சையை அடக்கிச் செயல்படும் திறனைத்தான் மது முதலில் பறிக்கிறது. வெயில், காற்று, இன்ஜின் அதிர்வு எல்லாம் சேர்ந்து மனிதரை ஏற்கெனவே பாதி களைக்க வைத்திருக்கும்.

மூன்று இலை கொண்ட புரொப்பல்லர் நிமிடத்துக்கு 3200 முறை சுழன்றால், ஒரே இடத்தை நொடிக்கு 160 முறை வெட்டும். அதனால்தான் ஓட்டுநர் விழுந்ததும் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் வந்தது. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் பெரும்பாலான சிறு விசைப்படகுகளில், வேகமாகப் போகும்போது அதை மாட்டியிருப்பது கட்டாயம். சுவிட்சோடு இணைந்த கயிறு ஓட்டுநர் உடம்பில் மட்டும்தான் இருக்கும். பயணி விழுந்தால், யாராவது பார்த்துக் கத்தி, ஓட்டுநர் கையால் அணைத்தால்தான் இன்ஜின் நிற்கும்.