உலங்கு வானூர்தி: கொசுவா, திருகா?

திருகோணமலையில், சீனன்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஒரு ஹெலிகொப்டர் எழும்பித் தம்பலகாமத்து வயல்களுக்கு மேலால் போனால் பிள்ளைகள் "ஹெலி, ஹெலி" என்று கத்துவார்கள். பத்திரிகையில் மட்டும் அது உலங்கு வானூர்தி. சரி, அதென்ன உலங்கு?

பழந்தமிழில் உலங்கு என்றால் கொசு. ஆண்டாள் பாடிய 'உலங்குண்ட விளங்கனி' அதுதான், கொசு புகுந்து உள்ளே கோதாகிப்போன விளாம்பழம். நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டு அந்தரத்தில் தொங்கும் ஊர்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஹெலிகொப்டர் வேறு வழியில் வந்த சொல். ஹெலி, கொப்டர் என்று நாம் பிரிப்பதே பிழை. கிரேக்கத்தில் ஹெலிக்ஸ் என்றால் திருகுச் சுருள், ப்டெரோன் என்றால் சிறகு. இரண்டையும் ஒட்டி 1861 இல் பிரான்சுக்காரர் போன்டன் டமேகூர் உண்டாக்கிய பெயர் அது. ஆக, திருகுச் சிறகு.

ஆபத்தும் அந்தச் சிறகில்தான், தாழப் பறந்தாலும் கிட்டப் போனாலும். நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற இடங்களில் ஹெலியில் வயலுக்கு மருந்தடிக்கிறார்கள். பயிருக்குச் சில மீற்றர் மேலேதான் பறக்க வேண்டும், உயர்ந்தால் மருந்து காற்றோடு பக்கத்துக் காணிக்குப் போய்விடும், ஆனால் அந்த உயரத்தில்தான் மின்கம்பிகளும் ஓடுகின்றன. பழைய கம்பி கறுத்துப்போய் பின்னாலுள்ள மரங்களோடு கலந்துவிடுவதால் விமானி கம்பியைத் தேடுவதில்லை, தூணைத்தான் தேடுவார். கம்பியில் சிக்குவதை 'வயர் ஸ்ட்ரைக்' என்பார்கள், தமிழில் கம்பி மோதல் என்றாலே போதும். சில ஹெலிகளின் முன்பக்கம் மேலும் கீழும் கம்பியறுக்கும் கத்தியே பூட்டியிருக்கும். எஞ்சின் நின்றாலும் இதே கதைதான்: உயரத்தில் என்றால் கீழிருந்து வரும் காற்றில் சுழலியை, அதாவது மேலே சுற்றும் அந்தச் சிறகை, சுற்றவிட்டு இறக்கிவிடலாம், பயிரை உரசிக்கொண்டு பறப்பவருக்கு அதற்கு ஏது இடம்?

மருந்து நிரப்ப ஒரே நாளில் பல தடவை இறங்கும். அப்போது தரையில் நிற்பவர்களுக்கு எமன் வால் சுழலி, வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாது. முன்னாலிருந்து, விமானி பார்க்க, குனிந்து போக வேண்டும். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கமிருந்து போகவே கூடாது, அங்கே பெரிய சுழலி தலைக்குக் கிட்ட.

எங்கள் பக்கம் மருந்தடிக்க ஹெலி வருவதில்லை, இப்போது ட்ரோன் எட்டிப் பார்க்கிறது. அதை ஆளில்லா வானூர்தி என்று எழுதுகிறோம். ட்ரோன் என்றால் ஆங்கிலத்தில் ஆண் தேனீ. சத்தத்தையும் அளவையும் பார்த்தால் உலங்கு என்ற பெயரை இதற்குத்தான் வைத்திருக்க வேண்டும், என்ன செய்ய, பெரியவன் முந்திவிட்டான்.