238 டிகிரி குளிர் அறை

வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துச் சிறு பட்டறைகளுக்கு மைக்ரோகண்ட்ரோலர் நிரல்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, திரையில் ஓடும் எச்சரிக்கைகளைத்தான் முதலில் பார்ப்பேன். "வெறும் வார்னிங்தான் சார்" என்று யாராவது சொன்னால், அன்று வீடு திரும்ப நேரமாகும்.

ஐஸ்கிரீம் குளிர் அறைக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. வெப்பநிலை மைனஸ் 18-ஐத் தொட்டதும் கம்ப்ரஸர் நிற்க வேண்டும், நிற்கவே இல்லை. வெப்பநிலையை சி மொழியின் 'சார்' வகை மாறியில் வைத்திருந்தார்கள். மடிக்கணினியின் எக்ஸ்86 சிப்பில் ஜிசிசி என்ற கம்பைலர் அந்த வகையைக் குறியுடைய எண்ணாக, மைனஸும் வரக்கூடியதாக எடுத்துக்கொள்ளும்; மைனஸ் 18 ஒழுங்காக வந்தது. பெட்டியில் இருந்த ஆர்ம் சிப்பில் அதே வகை குறியற்றது, மைனஸே கிடையாது. அங்கே மைனஸ் 18 என்பது, 256-இல் 18 போக, 238. பலகையைச் சோதித்ததோ கத்திரி வெயிலில், பட்டறை மேசையில். பூஜ்யத்துக்குக் கீழே போக வழியே இல்லை.

கம்பைலர் இதை முன்பே சொல்லியிருந்தது: இந்த ஒப்பீடு எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும் என்று. மதிப்பை ஒரு 'இன்ட்' மாறிக்கு மாற்றி, அதை ஒப்பிட்டிருக்கிறார்கள். எச்சரிக்கை மறைந்தது. 238 அப்படியே இருந்தது. கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால்கூட அடுத்து வருபவர் கண்ணில் பட்டிருக்கும். எப்போதும் குறியுடைய 'இன்ட்8_டி' என்று வகையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

வாயடைக்கும் வித்தையைத் தெரிந்தே செய்தவர்களும் உண்டு. 2003-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு பிரதியில் யாரோ இரண்டு வரிகளை நுழைத்தார்கள். ஒப்பிடும் இரட்டைச் சமக்குறி வர வேண்டிய இடத்தில், மதிப்பையே மாற்றிவிடும் ஒற்றைச் சமக்குறி. பயனர் எண் பூஜ்யமாகி கணினியை முழுதாக ஆளும் ரூட் அதிகாரமே கைக்கு வந்துவிடும். சுற்றிலும் கூடுதலாக ஓர் அடைப்புக்குறி போட்டிருந்ததால் ஜிசிசி எச்சரிக்காது. அசல் களஞ்சியத்தோடு பிரதி ஒத்துப்போகாததால்தான் பிடிபட்டது.

கம்பைலருக்கு 'டபிள்யூ-ஆல்' (-Wall) என்ற கட்டளைக் குறிப்பைப் போட்டுவிட்டால் எல்லா எச்சரிக்கையும் வந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. பெயர்தான் அப்படி. மேலே சொன்ன ஒப்பீட்டு எச்சரிக்கை ஜிசிசியில் 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' போட்டால்தான் வரும். எண் வகை மாறும்போது மதிப்பு சிதையலாம் என்று சொல்லும் 'டபிள்யூ-கன்வர்ஷன்' இரண்டிலும் இல்லை. தனியாகக் கேட்க வேண்டும். பழைய நிரலில் அதை ஒரேயடியாகப் போட்டால் திரை நிரம்பி வழியும். கோப்பு கோப்பாக அதைப் போடுவதே நடைமுறை. எச்சரிக்கையைப் பிழையாக்கும் 'டபிள்யூ-எரர்' உங்கள் கணினியோடு இருக்கட்டும். வாடிக்கையாளருக்கு மூல நிரலைக் கொடுக்கும்போது எடுத்துவிடுங்கள். அவரிடம் புதிய ஜிசிசி இருந்தால், அது புதிதாகக் கற்றுக்கொண்ட எச்சரிக்கை ஒன்றே கம்பைலை நிறுத்திவிடும்.