பேன்ட் சைஸ் 34 என்றால் இடுப்பு 34 இல்லை

சென்ற வாரமும் ஒருவர். மும்பை செம்பூர்க்காரர், நாற்பதுக்குள் வயது, 170 செ.மீ. உயரம், 66 கிலோ. ஆபீஸில் எடுத்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை நீட்டினார். வெறும் வயிற்றில் சர்க்கரை 132, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 280, ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு. எல்லாமே அதிகம். "வேற யாரோட ரிப்போர்ட்டோ மாறி வந்திருக்கும் டாக்டர், நான் குண்டே இல்லையே!" டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். 96 செ.மீ.

இந்த "குண்டே இல்லையே"வைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாட்டுங்கா மாமியும் இதைத்தான் சொல்கிறார், தாராவித் தம்பியும் இதைத்தான் சொல்கிறார். எடை மெஷின் மொத்தக் கணக்கை மட்டுமே காட்டும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் தங்கள் உடம்பையே அளந்து, லான்செட் மருத்துவ இதழில் படத்தோடு போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. உடலில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மில் பலருக்கு உடம்புவாகு அப்படி: கைகால் மெலிசு, நடுவில் தொப்பை. அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை என்று வைத்திருக்கிறோம். செம்பூர்க்காரருக்கு 22.8. அந்தச் சல்லடையிலும் சிக்கவில்லை.

தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு அவ்வளவாகத் தொல்லை தராது. குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்வதுதான் இன்சுலினை வேலை செய்யவிடாது. (லிபோசக்‌ஷன் செய்தால் சர்க்கரை இறங்குமா என்று கேட்பவர்களுக்கு: அதில் உறிஞ்சுவது தோலுக்கடிக் கொழுப்பை. கிலோ கணக்கில் எடுத்தும் இன்சுலின் வேலை செய்வதில் முன்னேற்றமில்லை என்று 2004-இலேயே ஓர் ஆய்வு வந்தாயிற்று.)

சரி, இடுப்பளவு கேட்டால் பேன்ட் சைஸைச் சொல்கிறீர்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு 34 என்றால் என்ன அர்த்தம்? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணியை விலக்கி, மூச்சை இயல்பாக விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்காதீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. அதற்கு மேல் போகக்கூடாது.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும். "வயசானா வரத்தானே செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள், அம்மா.

சிட்-அப் போட்டுத் தொப்பையை மட்டும் கரைக்க முடியாது. அதிரும் பெல்ட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வாரம் 150 நிமிடம் வேக நடை. இரண்டு நாளாவது தசைக்கு வேலை. டப்பாவில் சோற்றைக் குறைத்துச் சுண்டலோ முட்டையோ கூட்டுங்கள். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் தினமும் வேண்டாம். மது இருந்தால் நிறுத்துங்கள். மெஷினில் முள் அசையவில்லையே என்று பாதியில் விடாதீர்கள். எடை குறையாவிட்டாலும் நடையால் உள்கொழுப்பு குறையும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்றிருந்தால், "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று மடித்து பீரோவில் வைக்காதீர்கள். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எச்பிஏ1சி-யும் (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) கொலஸ்ட்ரால் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த மாதமே.