அலமாரியின் முதுகை முதலில் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய அலமாரி வாங்க வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கதவில் செதுக்கிய கொடியைத் தடவிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் முகம் பார்ப்பார்கள். பித்தளைக் குமிழை ஒருமுறை இழுத்துவிட்டு விலை கேட்பார்கள். "இதைச் சுவரைவிட்டுக் கொஞ்சம் நகர்த்துங்கள், பின்பக்கம் பார்க்க வேண்டும்" என்று கேட்பவர் மிக அரிது. கடைக்காரருக்குச் சிரமம் கொடுக்கக் கூச்சம். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி அந்தக் கூச்சத்தால் வந்ததுதான்.

முகப்பை விற்பதற்காக மெருகேற்றுவார்கள். முதுகுக்கு யாரும் வார்னிஷ் வீணாக்குவதில்லை, அதனால் அது பொய் சொல்லாது. நல்ல பழைய அலமாரியின் முதுகில் அகலமான பலகைகள் இருக்கும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் கை இழைப்புளி ஓடிய அலை தெரியும். பலகை சுருங்கியதால் நடுவே கோடுபோல் இடைவெளி விட்டிருக்கும். அங்கே பிளைவுட் அடித்திருந்தால் ஒன்று பிற்பாடு மாற்றியது, அல்லது மொத்தமுமே புதியது. மாற்றியதாக இருந்தால் குற்றமில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். திருகாணிகளையும் பாருங்கள். கூட்டல் குறி போட்ட தலையுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. "நூற்றைம்பது வருஷத்துப் பொருள்" என்று சொல்லப்படும் அலமாரியின் கீல் முழுக்க அதுவே இருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இழுப்பறை இருந்தால் வெளியே உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். பல்லாண்டு இழுத்து இழுத்து அடிச்சட்டம் தேய்ந்திருக்க வேண்டும். மூலையில் புறாவின் வால்போல் விரிந்த பொருத்து கையால் வெட்டியதாக இருந்தால், ஒரு பல் அகலமாகவும் அடுத்தது ஒடுக்கமாகவும் இருக்கும். எல்லாம் ஒரே அளவென்றால் இயந்திரம் வெட்டியது. இன்னொரு அடையாளத்தைப் போலியாகச் செய்வது கடினம். கதவுச் சட்டத்துக்குள் சொருகிய பலகை காலப்போக்கில் குறுக்கே சுருங்கும். அப்போது சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரம், மெருகு படாத வெளிறிய கோடாக எட்டிப் பார்க்கும்.

இனி, பர்மா தேக்கு. இந்த ஊரில் எதைக் கேட்டாலும் பர்மா தேக்குதான். நகரத்தார் பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில் அங்கிருந்து தேக்கு வந்ததும், அதில் செட்டிநாட்டு வீடுகள் எழும்பியதும் உண்மை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அந்த வாழ்வு ஆட்டம் கண்டது. பிறகு பல புள்ளிகள், அதாவது பல குடும்பங்கள், பங்கு கொண்ட வீடுகளைப் பராமரிக்க ஆளில்லாமல் சில இடிக்கப்பட்டன. தூணும் உத்தரமும் கதவும் தெருவுக்கு வந்தன. மியான்மர் 2014இல் மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திய பிறகு, இடிந்த வீட்டு மரத்துக்கு மவுசு இன்னும் கூடியது.

அந்த உத்தரத்தை அறுத்து அலமாரி செய்கிறார்கள். நானும் செய்கிறேன். மரத்துக்கு நூறு வயது, அலமாரிக்கு ஆறு மாதம். அப்படிச் சொல்லி விற்றால் அது நேர்மையான, உறுதியான பொருள். இரண்டு வயதையும் ஒன்றாக்கிச் சொல்லும்போதுதான் மோசடி ஆகிறது. கண்டுபிடிக்க வழி உண்டு. தட்டின் அடியில் காரணமே இல்லாமல் அடைக்கப்பட்ட ஆணித் துளைகள் வரிசையாக இருக்கும். கழுந்து (பொருத்துக்குள் நுழையும் மர முளை) செருகாத வெற்றுத் துளை ஒன்று எங்காவது மிஞ்சியிருக்கும். பர்மா தேக்கா நாட்டுத் தேக்கா என்று மெருகேற்றிய பலகையைப் பார்த்த மாத்திரத்தில் அறுதியிட்டுச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஊர்ப்பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள், வைரம் பாய்ந்த மரத்துக்குக் கொடுங்கள். பலகையின் ஓரத்தில் வெளிர்நிறப் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த வெள்ளையில்தான் பூச்சி முதலில் வாய் வைக்கும்.

பூச்சி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சென்னையில் ஒரு குடும்பம் பழைய அலமாரியை வாங்கி நேரே படுக்கையறையில் வைத்தார்கள். அடுத்த கோடையில் பக்கத்திலிருந்த புதுக் கட்டிலின் அடியிலும் பொடி கொட்டியிருந்தது. அலமாரியிலிருந்து பறந்த வண்டு கட்டில் சட்டத்தில் குடியேறிவிட்டது. துளை இருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை, ஐம்பது வருடத்துக்கு முன் செத்த பூச்சியின் துளையாகவும் இருக்கலாம். அலமாரியின் கீழே கறுப்புத் தாள் விரித்து, வீட்டின் மற்ற மரங்களிலிருந்து தள்ளி, மூன்று நான்கு வாரம் வைத்திருங்கள். முகப்பவுடர்போல் மெல்லிய மாவு புதிதாக விழுந்தால் உளுவண்டு உயிரோடு இருக்கிறது. கசகசாபோல் மணிமணியாக விழுந்தால் அது மரத்துக்குள்ளேயே வாழும் கரையான். அதற்குப் பூச்சி ஒழிப்பில் தேர்ந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். உளுவண்டுக்குப் போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசல் நல்லது. ஆனால் அது மெருகைத் தாண்டி இறங்காது. இங்கேயும் முதுகுதான் உதவுகிறது, மெருகில்லாத பின்பலகை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். மண்ணெண்ணெய் பூசுவது மேலோட்டமான சமாதானம். நாற்றமும் தீ அபாயமுந்தான் மிச்சம்.

அடுத்து அளவு. மூன்றாம் மாடிக்கு ஏழடி அலமாரி வாங்கிய ஒரு தம்பதி, லிஃப்ட் வாசல் உயரத்தை அளக்க மறந்துவிட்டார்கள். மாடிப்படித் திருப்பத்திலும் அது திரும்பவில்லை. மூன்று நாள் வாகன நிறுத்தத்தில் நின்றது. நல்லவேளை, மேலே இருந்த கொண்டை, அதாவது உச்சி அலங்காரம், ஆப்பு வைத்துப் பொருத்தியதாக இருந்தது. நான் போய் அதைக் கழற்றினேன், உடல் மட்டும் படியேறியது. வாங்குமுன்பே எவை கழறும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் படுக்கைவாட்டில் கொண்டுபோய் நிமிர்த்தும்போது உயரம் மட்டும் போதாது, மூலைவிட்டமும் வேண்டும். ஏழடி உயரம், இரண்டடி ஆழம் என்றால் நிமிர்த்த ஏறக்குறைய ஏழே காலடி தேவை.

உள்ளாழத்தையும் அளந்துவிடுங்கள். வேட்டியும் புடவையும் மடித்து வைக்கச் செய்த அலமாரிகள் பல, ஒன்றரை அடிகூட இருக்காது. ஹேங்கரே ஒன்றரை அடி அகலம். குறுக்காக மாட்டினால் கதவு மூடாது. இதற்காகத் தட்டுகளை அறுக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் மறுத்துவிடுவேன். முன்னும் பின்னுமாக இழுக்கும் சிறு தண்டு ஒன்று பொருத்தினால் சட்டைகள் கதவைப் பார்த்தபடி தொங்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் வைக்கவே கூடாது. கீழ் இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறினால் அப்படியே கவிழும். பெயின்ட் அடித்த பழைய பெட்டிகளை வீட்டுக்குள் தேய்த்துச் சுரண்டாதீர்கள். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் போகக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வாங்குகிறவர்களும் வருகிறார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். கோயில் தேரிலிருந்தோ வாகனத்திலிருந்தோ வந்த செதுக்கல் என்று பெருமையாகக் காட்டினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ஐப்பசியில் கதவு பிடிக்கும். உடனே எனக்குத் தொலைபேசி வரும், இழைத்துக் கொடுங்கள் என்று. ஈரத்தில் மரம் ஊதுகிறது, பங்குனியில் தானாக இளகும் என்று சொல்லி வைத்துவிடுவேன். போன வருடம் ஒருவர் பொறுக்காமல் வேறு ஆளை வைத்து இழைத்துவிட்டார். சித்திரையில் வந்தார். இரு கதவுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற சந்து. ஒரு தேக்குச் சில்லை அறுத்து ஒட்டிக் கொடுத்தேன். நிறம் இன்னும் சேரவில்லை.