ரிசைன் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

தொழில் வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணியான என்னிடம் ஒற்றை வரி ஆங்கிலக் கடிதங்கள் நிறைய வரும். தொழிலாளி தானாகவே விலகுவதாக எழுதியிருக்கும். தட்டச்சு முதலாளியுடையது, கையெழுத்து மட்டும் தமிழில்.

அப்படி ஒன்றைக் கொண்டுவந்த பிள்ளை, ஹட்டனில் துணிக்கடையொன்றில் ஏழு வருடம் நின்றவர். "சைன் என்றால் கையெழுத்து, ரீ என்றால் மறுபடியும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று நினைத்தேன், சேர்" என்றார்.

பாதி சரி. நடுவே சிறு கோடிட்டு 'ரீ-சைன்' என்று எழுதினால் மீண்டும் ஒப்பமிடுவதுதான். கால்பந்து வீரர்கள் கழகங்களோடு செய்வது அது. கோடில்லாத 'ரிசைன்' வேறு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: அடையாளமிடுவதையும் முத்திரை வைப்பதையும் குறிக்கும் 'சிக்னாரே' என்ற இலத்தீன் சொல். அதுவே 'ரெசிக்னாரே' ஆனபோது முத்திரையை உடைப்பது, பதிந்ததை ரத்துச் செய்வது என்று பொருள் தலைகீழானது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தோட்டத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், பேர் பதிவதும் பேர் வெட்டுவதும் நமக்குத் தெரிந்தவைதானே? ரிசைன் என்பது தன் பேரைத் தானே வெட்டிக்கொள்வது. (விதியே என்று அடங்கிப்போவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஒப்பமிட்டவர்கள் பலரின் முகத்தில் நான் காண்பது அந்தப் பொருளை.)

வழக்கே அந்தத் 'தானே'யில்தான் நிற்கிறது. இலங்கையில் வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போய் அலைவதைவிட ஒரு வரிக் கடிதம் வாங்குவது முதலாளிக்கு எவ்வளவோ சுலபம்.

"ரிசைன் செய்தவருக்கு சர்வீஸ் பணம் கிடையாது" என்று கடைகளில் சொல்லிவைத்திருக்கிறார்கள். சுத்தப் பொய். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால், வேலையை யார் முடித்தாலும், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு 14 நாள் சம்பளம். 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சேமலாப நிதி அதற்குப் புறம்பானது.

கட்டாயத்தில் ஒப்பமிட்டதாகத் தொழில் நியாய சபையில் வாதாடலாம். ஆனால் வேலை போய் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். வரும்போது கடிதத்தின் பிரதியையும் கையிலிருக்கும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள்.